புவிநிலைச் செயற்கைக்கோள்கள் வழியே கடலையும் காற்றையும் கண்காணித்தல்: ஒரு வரலாறு

தரையிலிருந்து பார்ப்பவருக்கு வானில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுபோல் அமைந்த செயற்கைக்கோள், புவிநிலைச் செயற்கைக்கோள் எனப்படும். தொலைக்காட்சி ஒளிபரப்புக்கும், தொலைபேசித் தொடர்புக்கும், மேகங்களைப் படமெடுக்கவும் இவை அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பயன்பட்டு வருகின்றன. ஆனால் கடல்நீரின் நிறத்தையும் காற்றில் கலந்துள்ள மாசு வாயுக்களையும் அந்த உயரத்திலிருந்து மணிக்கொரு முறை அளக்கும் பணி 2010-க்குப் பிறகே தொடங்கியது. இதில் முதலடி எடுத்து வைத்த நாடு தென் கொரியா. அந்நாடு 2010-இல் கடலுக்கும் 2020-இல் காற்றுக்கும் இத்தகைய கருவிகளை விண்ணில் நிறுவியது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் காற்றுமாசு அளவீட்டில் பின்னர் அதே வழியில் வந்தன. இக்கட்டுரை அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகிறது.

சுற்றுப்பாதையின் கணக்கு

ஒரு செயற்கைக்கோள் பூமிக்கு எவ்வளவு அருகில் சுற்றுகிறதோ அவ்வளவு விரைவாகச் சுற்ற வேண்டும். சுமார் 700 கி.மீ. உயரத்தில் சுற்றும் கோள் ஏறத்தாழ 100 நிமிடங்களில் பூமியை ஒருமுறை வலம் வந்துவிடும். உயரம் கூடக்கூடச் சுற்றும் நேரமும் கூடும். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 23 மணி 56 நிமிடம். பூமி தன் அச்சில் ஒருமுறை சுழல்வதற்கும் அதே நேரம்தான் ஆகிறது. இரண்டும் ஒரே வேகத்தில், ஒரே திசையில் சுழல்வதால் கோள் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் நமக்குத் தெரிகிறது.

தாழ்ந்த உயரத்தில் துருவங்களின் வழியாகச் சுற்றும் கோளை, தெருத்தெருவாக நடந்து வரும் இரவுக் காவலருக்கு ஒப்பிடலாம். அவர் ஒவ்வொரு வீட்டையும் அருகில் நின்று பார்ப்பார். ஆனால் நம் வீட்டுக்கு அவர் வருவது நாளுக்கு ஒருமுறைதான். புவிநிலைக் கோள், கோபுரத்தின் உச்சியில் நிற்கும் காவலரைப் போன்றது. தொலைவிலிருந்து பார்த்தாலும் அவர் பார்வை அகலாது. காலையில் கிளம்பிய புகை நண்பகலில் எங்கே போனது, மாலையில் எப்படிக் கலைந்தது என்பதை அவரால்தான் சொல்ல முடியும்.

தொலைவுக்கு ஒரு விலை உண்டு. 700 கி.மீ. உயரத்தோடு ஒப்பிட்டால் 35,786 கி.மீ. என்பது சுமார் 50 மடங்கு. ஒளியின் செறிவு தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பதை மேல்நிலை வகுப்பில் படித்திருப்பீர்கள். அதன்படி, தரையின் ஒரே அளவான துண்டிலிருந்து ஒரே அளவான கண்ணாடிக்கு வந்து சேரும் ஒளி 2,500 மடங்கு குறைந்துவிடும். இந்தக் குறையைப் பொறியாளர்கள் இரண்டு வழிகளில் ஈடுசெய்கிறார்கள். ஒன்று, பெரிய தொலைநோக்கி. மற்றொன்று, நீண்ட நேரம் ஒரே இடத்தை உற்றுப் பார்ப்பது. நிற்கும் கோளுக்கு இரண்டாவது வழி எளிது. ஓடும் கோளுக்கு அந்த அவகாசம் இல்லை.

எண்ணம் பிறந்த கதை

இந்தச் சுற்றுப்பாதையைப் பற்றி 1920-களின் இறுதியிலேயே ஹெர்மன் பொட்டோச்னிக் தம் நூலில் எழுதியிருந்தார். ஆனால் அதைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தும் திட்டத்தை உலகம் கவனிக்கும்படி எடுத்துரைத்தவர் ஆர்தர் சி. கிளார்க். 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்டு' என்னும் ஆங்கில இதழில் அவருடைய கட்டுரை வெளியானது. பூமியைச் சுற்றி மூன்று நிலையங்களை இந்த உயரத்தில் நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று அதில் அவர் காட்டினார். இங்கிலாந்தில் பிறந்த கிளார்க் 1956-இல் இலங்கையில் குடியேறி, 2008-இல் கொழும்பில் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார் என்பது தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி.

1963 ஜூலையில் ஏவப்பட்ட சின்காம்-2, பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றிய முதல் கோள். 1964 ஆகஸ்டில் ஏவப்பட்ட சின்காம்-3, நிலநடுக்கோட்டின் மேலேயே நிறுத்தப்பட்ட முதல் புவிநிலைக் கோள். அவ்வாண்டு டோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுகளின் காட்சிகளை அது பசிபிக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்குக் கொண்டு சேர்த்தது.

மேகங்களைக் கண்ட காலம்

அதே 1964-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. அப்போது புவிநிலைப் பாதையில் வானிலைக் கருவியோடு ஒரு கோளும் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1966 டிசம்பரில் அமெரிக்கா ஏவிய ஏ.டி.எஸ்.-1 என்னும் கோளில்தான் முதல் மேகப் படக்கருவி இடம்பெற்றது. அதை உருவாக்கியவர்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெர்னர் சுவோமியும் ராபர்ட் பேரன்ட்டும். கோள் தன் நிலை தவறாமல் இருக்கப் பம்பரம்போல் சுழன்றுகொண்டிருந்தது. அந்தச் சுழற்சியையே சுவோமி படமெடுக்கப் பயன்படுத்திக்கொண்டார். ஒரு சுழற்சிக்குப் படத்தின் ஒரு வரி பதிவாகும். கருவி சற்றே சாயும், அடுத்த சுழற்சியில் அடுத்த வரி பதிவாகும். இப்படி வரி வரியாகச் சேர்ந்து சுமார் அரை மணி நேரத்துக்குள் பூமியின் ஒரு பக்கம் முழுவதும் படமாகிவிடும். படங்களை அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தபோது மேகங்கள் நகர்வதை மனிதர்கள் முதன்முறையாகத் தொடர்ச்சியாகக் கண்டார்கள்.

அதன்பின் 1974-இல் எஸ்.எம்.எஸ்.-1, 1975-இல் கோஸ்-1 என அமெரிக்கக் கோள்கள் வந்தன. 1977-இல் ஜப்பானின் ஹிமாவாரியும் ஐரோப்பாவின் மீட்டியோசாட்டும் சேர்ந்தன. இந்தியாவின் இன்சாட்-1ஏ 1982-இல் ஏவப்பட்டு ஓராண்டுக்குள் செயலிழந்தது. 1983 ஆகஸ்டில் சேலஞ்சர் விண்ணோடத்தில் சென்ற இன்சாட்-1பி வெற்றி பெற்றது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாம் கேட்டுப் பழகிய புயல் எச்சரிக்கைகளுக்குப் பின்னால் இந்த வரிசைக் கோள்களின் படங்கள் இருந்தன. 2002-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட வானிலைக் கோளுக்குக் கல்பனா சாவ்லாவின் நினைவாகக் கல்பனா-1 எனப் பெயர் சூட்டப்பட்டது. இன்சாட்-3டி 2013-இலும், இன்சாட்-3டிஆர் 2016-இலும், இன்சாட்-3டிஎஸ் 2024-இலும் ஏவப்பட்டன.

இக்கோள்கள் மேகம், வெப்பநிலை, நீராவி ஆகியவற்றைப் பார்த்தன. மேகம் வெண்மையானது, ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். கடலோ இருண்டது. கோளை வந்தடையும் ஒளியில் பெரும்பகுதி, சுமார் பத்தில் ஒன்பது பங்கு, காற்று மண்டலத்தில் சிதறி வருவது. எஞ்சிய சிறு பங்கில்தான் கடல்நீரின் செய்தி இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க மிகவும் நுட்பமான கருவி வேண்டும். ஆகவே கடலின் நிறத்தை அளக்கும் வேலை முதலில் தாழ்ந்து பறக்கும் கோள்களுக்கே ஒதுக்கப்பட்டது.

கடலின் நிறம் சொல்லும் செய்தி

கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத அளவில் மிதக்கும் நுண்தாவரங்கள் கோடிக்கணக்கில் உள்ளன. தரைத் தாவரங்களைப் போலவே இவற்றிலும் பச்சையம் உண்டு. பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் உறிஞ்சிக்கொள்ளும், பச்சையை விட்டுவிடும். எனவே நுண்தாவரங்கள் குறைந்த ஆழ்கடல் நீலமாகவும், மிகுந்த கடல் பச்சையாகவும் தெரிகிறது. ஆற்று வண்டல் கலந்த நீர் பழுப்பாகத் தெரியும். இந்த நுண்தாவரங்களைத் தின்று சிற்றுயிர்கள் வாழ்கின்றன. அவற்றைத் தின்று மீன்கள் வாழ்கின்றன. ஆகவே கடலின் நிறத்தை அளப்பது மீன்வளத்தை அளப்பதற்கு முதற்படி.

1978 அக்டோபரில் ஏவப்பட்ட அமெரிக்காவின் நிம்பஸ்-7 கோளில் இதற்கான முதல் கருவி பறந்தது. 1997-இல் சீவிஃப்ஸ் என்னும் கருவி வந்தது. 1999 மே 26 அன்று இந்தியா ஓஷன்சாட்-1 கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி2 ராக்கெட்டில் ஏவியது. அதே ராக்கெட்டில் தென் கொரியாவின் கிட்சாட்-3 என்னும் சிறிய கோளும் பயணம் செய்தது. ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், இத்தகைய கோள்களின் தரவுகளைக் கொண்டு மீன் மிகுதியாகக் கிடைக்கக்கூடிய பகுதிகளை மீனவர்களுக்கு அறிவித்து வருகிறது.

ஆனால் இந்தக் கோள்கள் ஓரிடத்தை நாளுக்கு ஒருமுறை, சில வேளை இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் பார்க்கும். அந்த நேரத்தில் மேகம் மறைத்தால் அன்றைய பார்வை வீண். கரையோரக் கடலோ மணிக்கு மணி மாறுவது. தென் கொரியாவின் மேற்கே உள்ள மஞ்சள் கடல் சராசரியாக 44 மீட்டர் ஆழமே கொண்டது. இன்ச்சியோன் கரையில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே நீர்மட்டம் சுமார் 9 மீட்டர் வரை வேறுபடும். ஒவ்வொரு ஓதத்திலும் அடிமண் கலங்கி நீரின் நிறம் மாறிவிடும். நாளுக்கு ஒருமுறை எடுத்த படத்தைக் கொண்டு இப்படிப்பட்ட கடலைப் புரிந்துகொள்வது, ஒரு திரைப்படத்தின் ஒரே ஒரு காட்சியைப் பார்த்துவிட்டுக் கதை சொல்வதுபோல் ஆகும்.

கொரியாவின் தேவை

தென் கொரியா மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நாடு. அதன் தென்கரையில் மீன் வளர்ப்புக் கூண்டுகள் நிறைந்துள்ளன. சில நுண்ணுயிரிகள் திடீரெனப் பல்கிப் பெருகிக் கடலைச் செந்நிறமாக்கும்போது கூண்டு மீன்கள் தப்பிக்க வழியின்றிக் கூட்டமாக மடியும். இதைச் சிவப்பு ஓதம் என்பார்கள். 1995-இல் ஏற்பட்ட சிவப்பு ஓதம் மீன் வளர்ப்போருக்குப் பெரும் இழப்பை உண்டாக்கியது. மறு ஆண்டு முதல் கடலில் மஞ்சள் களிமண்ணைத் தூவி அந்த உயிரிகளை அமிழ்த்தும் முறை கையாளப்பட்டது. எங்கே தூவுவது என்று தெரிய வேண்டுமானால் அவை அந்த மணி நேரத்தில் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தாக வேண்டும்.

2008-இல் மஞ்சள் கடலின் மறுகரையில் இன்னொரு நிகழ்ச்சி உலகின் கவனத்தை ஈர்த்தது. பெய்ஜிங் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகள் நடக்கவிருந்த சிங்தாவ் நகரின் கடலைப் பச்சைப் பாசி மூடிவிட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறங்கி, சுமார் 10 லட்சம் டன் பாசியை அகற்றினார்கள். அப்பாசி தெற்கே ஜியாங்சு மாகாணக் கரையில், உணவுப் பாசி வளர்க்கும் சட்டங்களில் தோன்றி, காற்றாலும் நீரோட்டத்தாலும் வடக்கே அடித்துவரப்பட்டது என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

இந்தத் தேவைகளை மனத்தில் கொண்டே கொரியா 2003-இல் ஒரு கோள் திட்டத்தைத் தொடங்கியது. வானிலை, கடல், தகவல்தொடர்பு ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே கோளில் சேர்ப்பது திட்டம். ஐரோப்பாவின் அஸ்ட்ரியம் நிறுவனத்துடன் சேர்ந்து கொரிய விண்வெளி ஆய்வு நிறுவனம் இதை உருவாக்கியது. இதற்குச் 'சொல்லியான்' என்று பெயரிட்டார்கள். தமிழ்க் காதுக்குச் 'சொல்' என்பதுபோல் ஒலித்தாலும், கொரிய மொழியில் அதற்கு 'ஆயிரம் லீ தொலைவைக் காணும் கண்' என்று பொருள். கொரியாவின் ஒரு லீ சுமார் 400 மீட்டர்.

2010 ஜூன் 10 அன்று கொரியா தன் மண்ணிலிருந்து ஏவிய நாரோ ராக்கெட் இரண்டாம் முறையாகத் தோல்வியுற்றது. அதற்குப் பதினேழு நாட்களுக்குப் பின், ஜூன் 27 அன்று, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ தளத்திலிருந்து ஏரியான்-5 ராக்கெட்டில் சொல்லியான் விண்ணை அடைந்தது. கிழக்குத் தீர்க்கரேகை 128.2 பாகையில் அது நிறுத்தப்பட்டது.

மணிக்கு ஒரு கடல்

சொல்லியானில் இருந்த கடற்கருவியின் பெயர் கோசி. புவிநிலைப் பாதையில் கடலின் நிறத்தை அளக்கவென்றே நிறுவப்பட்ட உலகின் முதல் கருவி இதுவே. கொரியாவை நடுவாகக் கொண்டு 2,500 கி.மீ. நீளமும் 2,500 கி.மீ. அகலமும் உள்ள சதுரப் பரப்பை இது பார்த்தது. காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மணிக்கொன்றாக நாளுக்கு 8 படங்கள். எட்டு அலைநீளப் பட்டைகளில், 500 மீட்டர் அளவு நுணுக்கமாகப் படங்கள் அமைந்தன. மொத்தப் பரப்பையும் ஒரே பார்வையில் எடுக்க முடியாததால் பதினாறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டினார்கள்.

இதனால் கிடைத்த முதல் பயன், மேகத்தை ஏமாற்றியது என்று சொல்லலாம். காலையில் மறைத்த மேகம் பிற்பகலில் விலகலாம். எட்டுப் படங்களில் ஏதேனும் ஒன்றில் கடல் தெரியும். இரண்டாவது பயன், ஓதத்தோடு வண்டல் எழுவதையும் அடங்குவதையும் ஒரே நாளில் காண முடிந்தது. மூன்றாவது, மிதக்கும் பாசித்திட்டுகள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நகர்ந்தன என்று அளந்து, நீரோட்டத்தின் வேகத்தையும் திசையையும் கணக்கிட முடிந்தது. 2015 தொடக்கத்தில் கிழக்குச் சீனக் கடலிலிருந்து ஜெஜு தீவின் கரைக்குப் பழுப்புப் பாசி பெருமளவில் ஒதுங்கியபோது ஆய்வாளர்கள் இத்தகைய படங்களைப் பயன்படுத்தினார்கள். கடல்மூடுபனியைக் காண்பதற்கும் அவை உதவின.

ஏழு ஆண்டுகள் உழைக்க வடிவமைக்கப்பட்ட கோசி, சுமார் பத்தாண்டுகள் உழைத்து 2021-இல் ஓய்வுபெற்றது. அதற்குள் அதன் வாரிசான கோசி-2 விண்ணுக்குச் சென்றுவிட்டது. அது நாளுக்கு 10 முறை, 250 மீட்டர் நுணுக்கத்தில் பார்க்கிறது.

எதிர்பாராத ஒரு பயனும் உண்டு. கடலைப் பார்க்கச் செய்த கோசி, இடையிலுள்ள காற்றின் தூசையும் பார்த்தது. கடலின் நிறத்தை அறிய அந்தத் தூசின் ஒளியைக் கழிக்க வேண்டும். கழித்த பகுதியைத் தூக்கி எறியாமல் ஆராய்ந்தால், தூசுப்படலம் மணிக்கு மணி எங்கே செல்கிறது என்பது தெரிந்தது.

காற்றுக்கு ஒரு கண்

வசந்த காலத்தில் மங்கோலிய, சீனப் பாலைகளிலிருந்து வரும் மஞ்சள் தூசு கொரிய மக்களுக்குப் பழைய விருந்தாளி. அதனுடன் தொழிற்சாலை, வாகனம், மின்நிலையம் ஆகியவற்றின் மாசும் சேர்ந்தபோது அது பொது வாழ்க்கையின் பெரும் சிக்கலாக மாறியது. 2019 மார்ச்சில் சியோலில் நுண்தூசு பல நாட்கள் தொடர்ந்து நீடித்தது. அம்மாதமே கொரிய நாடாளுமன்றம் நுண்தூசை ஒரு சமூகப் பேரிடராகச் சட்டத்தில் சேர்த்தது.

இந்த மாசு யாருடையது என்பது மக்களைக் கொதிக்கவைத்த கேள்வி. முழுவதும் சீனாவிலிருந்து வருவதே என்றனர் சிலர். உள்நாட்டுப் புகையே என்றனர் வேறு சிலர். 2016 மே, ஜூன் மாதங்களில் நாசாவும் கொரியத் தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமும் விமானங்களைப் பறக்கவிட்டுக் காற்றை நேரடியாக அளந்தன. அப்பருவத்தில் சியோலில் அளந்த நுண்தூசில் பாதிக்கு மேல் உள்நாட்டிலேயே உண்டானது என்பது அதன் முடிவு. சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய மூன்று நாட்டு அறிஞர்கள் சேர்ந்து 2019 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 2017-ஆம் ஆண்டுச் சராசரிப்படி, கொரியாவின் மூன்று பெரு நகரங்களின் நுண்தூசில் 51 விழுக்காடு உள்நாட்டிலிருந்தும் 32 விழுக்காடு சீனாவிலிருந்தும் வந்தது என்றது அது. சச்சரவிட்ட இரு தரப்பும் பாதி பாதி சரி என்று இதைப் படிக்கலாம். ஆனால் பருவத்துக்குப் பருவம், நாளுக்கு நாள் இந்தப் பங்கு மாறும். ஆண்டுச் சராசரி ஒன்றைக் கொண்டு இன்று காலை வந்த புகைக்குப் பொறுப்பாளியைச் சொல்ல முடியாது. அதற்கு மணிக்கு மணி அளவீடு வேண்டும்.

வாயுக்களை விண்ணிலிருந்து அளக்கும் முறை அப்போதே நன்கு வளர்ந்திருந்தது. ஒவ்வொரு வாயுவும் சூரிய ஒளியில் குறிப்பிட்ட சில அலைநீளங்களை மட்டும் உறிஞ்சும். மனிதருக்குக் கைரேகைபோல வாயுவுக்கு இது அடையாளம். சூரியனை நேரே பார்த்து அதன் ஒளியைப் பதிவுசெய்து, பூமியில் பட்டுத் திரும்பும் ஒளியோடு ஒப்பிட்டால், எந்த வாயு எவ்வளவு குறுக்கே நின்றது என்று கணக்கிடலாம். 1995-இல் ஐரோப்பாவின் கோம், 2004-இல் ஓ.எம்.ஐ., 2017-இல் ட்ரோபோமி ஆகிய கருவிகள் இம்முறையில் உலகை அளந்தன. பின்னிரண்டும் ஓரிடத்தைப் பிற்பகல் ஒன்றரை மணி அளவில் கடப்பவை. காலைப் போக்குவரத்து நெரிசலையோ மாலை நெரிசலையோ அவை காண்பதில்லை.

2020 பிப்ரவரி 19 அன்று, கொரிய நேரப்படி, கூரூவிலிருந்து சொல்லியான்-2பி ஏவப்பட்டது. அதில் கோசி-2-உடன் ஜெம்ஸ் என்னும் கருவியும் இருந்தது. காற்றுமாசு வாயுக்களைப் புவிநிலைப் பாதையிலிருந்து அளக்கும் உலகின் முதல் கருவி அது. அமெரிக்காவின் பால் ஏரோஸ்பேஸ் நிறுவனமும் கொரிய விண்வெளி ஆய்வு நிறுவனமும் சேர்ந்து அதைச் செய்தன. அறிவியல் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யோன்செய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜூன் கிம்.

300 முதல் 500 நானோமீட்டர் வரை, அதாவது புற ஊதா முதல் பச்சை ஒளிவரை, 0.6 நானோமீட்டர் நுணுக்கத்தில் ஜெம்ஸ் ஒளியைப் பிரித்துப் பார்க்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, ஓசோன், ஃபார்மால்டிகைடு ஆகியவற்றையும் தூசுப்படலத்தையும் அளக்கிறது. சியோல் அருகே அதன் ஒரு புள்ளி ஏறத்தாழ 7 கி.மீ.க்கு 8 கி.மீ. ஒரு முறை அளந்து முடிக்கச் சுமார் அரை மணி ஆகும். பகல் குறுகிய குளிர்காலத்தில் நாளுக்கு 6 முறையும், நீண்ட கோடையில் 10 முறையும் அளக்கிறது. 2020 நவம்பரில் வெளியான அதன் முதல் படங்களில், பெருநகரங்களின் மேல் நைட்ரஜன் டை ஆக்சைடு திரண்டிருப்பதும், ஜப்பானின் நிஷினோஷிமா எரிமலையிலிருந்து கந்தக டை ஆக்சைடு பரவுவதும் தெளிவாகத் தெரிந்தன.

பின்தொடர்ந்த நாடுகள்

2023 ஏப்ரல் 7 அன்று அமெரிக்காவின் டெம்போ என்னும் கருவி ஏவப்பட்டது. அதற்கெனத் தனிக் கோள் கட்டாமல், இன்டெல்சாட்-40இ என்னும் வணிகத் தொலைத்தொடர்புக் கோளில் இடம் பிடித்து ஏற்றினார்கள். அது வட அமெரிக்காவை மணிக்கொரு முறை அளக்கிறது. 2025 ஜூலை 1 அன்று ஐரோப்பாவின் சென்டினல்-4 கருவி, மீட்டியோசாட் வரிசையின் புதிய கோள் ஒன்றில் ஏறிச் சென்றது. ஆசியா, வட அமெரிக்கா, ஐரோப்பா என மூன்று கண்கள் நிறுவப்பட்டுவிட்டன. உலகின் தொழில் மண்டலங்களில் பெரும்பகுதி இவற்றின் பார்வைக்குள் வருகிறது. ஆனால் மூன்றும் வடகோளத்தையே முதன்மையாக நோக்குகின்றன. தென் அமெரிக்காவின் காட்டுத்தீப் புகைக்கும், ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்கும் இப்படிப்பட்ட மணிக்கணக்கான காவல் இல்லை.

இந்தக் கண்ணுக்குத் தெரியாதவை

இக்கருவிகளைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் அவற்றின் எல்லைகளையும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, இவை சூரிய ஒளியை நம்பியவை. இரவில் அளக்க முடியாது. அடர்ந்த மேகத்தின் கீழும் அளக்க முடியாது.

இரண்டாவது, இவை அளப்பது தரையிலிருந்து வான்வரை உள்ள காற்றுத் தூணின் மொத்தத்தை. நம் மூக்கருகே உள்ள காற்று அதில் ஒரு பகுதிதான். மாசு தரையை ஒட்டிப் படிந்திருக்கிறதா, உயரே மிதந்து போகிறதா என்பதை அறிய, தரை நிலையங்களின் அளவும் கணினிக் கணக்கும் வேண்டும். நுரையீரலுக்குள் நுழையும் 2.5 மைக்ரோமீட்டர் நுண்தூசை எந்தக் கோளும் நேரடியாக எடை போடுவதில்லை. ஒளி மங்குவதிலிருந்து அது ஊகித்துக் கணக்கிடப்படுகிறது.

மூன்றாவது, நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லச் செல்லப் பார்வை சாய்கிறது. வட துருவம் நோக்கியுள்ள பகுதிகள் சரிவாகத் தெரிவதால் நுணுக்கம் குறையும்.

ஆகவே கோள் வந்துவிட்டது, இனித் தரை நிலையம் வேண்டாம் என்று எந்த அரசும் சொல்ல முடியாது. கோளின் அளவை நம்புவதற்கே தரை நிலையம் தேவை. 2024-இன் தொடக்க மாதங்களில் நாசா விமானங்கள் பிலிப்பைன்ஸ், தென் கொரியா, தாய்லாந்து, தைவான் பகுதிகளில் பறந்து ஜெம்ஸின் அளவுகளோடு ஒப்பிடுவதற்கான தரவுகளைத் திரட்டின.

தமிழர் வாழும் நிலங்களும் இந்தக் கண்ணும்

ஜெம்ஸ் பார்க்கும் எல்லை, கிழக்குத் தீர்க்கரேகை 75 பாகை முதல் 145 பாகை வரை, தென் அட்சரேகை 5 முதல் வட அட்சரேகை 45 வரை. நிலவரைபடத்தை விரித்துப் பார்த்தால் இதன் பொருள் புரியும். சென்னை 80 பாகையில் உள்ளது. தமிழ்நாடும் இலங்கையும் மலேசியாவும் சிங்கப்பூரும் இந்த எல்லைக்குள் அடங்குகின்றன. டெல்லி சற்றே உள்ளே, மும்பை வெளியே. ஆனால் எல்லா மணி நேரமும் மேற்கு ஓரம்வரை அளக்கப்படுவதில்லை. காலையில் கொரியாவையும் கிழக்குப் பகுதியையும் பார்க்கும் கருவி, சூரியன் மேற்கே நகர நகரத் தன் பார்வையையும் மேற்கே நகர்த்துகிறது. எனவே கிழக்காசியாவுக்குக் கிடைக்கும் அத்தனை முறை அளவுகள் நமக்குக் கிடைப்பதில்லை.

மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்குப் புகைமூட்டம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இந்தோனேசியக் கரிச்சதுப்பு நிலங்கள் எரியும் ஆண்டுகளில் கடல் தாண்டி வரும் புகையால் பள்ளிகள் மூடப்பட்ட நாட்கள் அவர்கள் நினைவில் இருக்கும். 2015-இல் அப்படி மூண்டபோது, அவ்வாண்டுதான் பணியில் இறங்கியிருந்த ஜப்பானின் ஹிமாவாரி-8 கோள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை புகையின் நகர்வைப் படமெடுத்தது. ஆனால் அது வானிலைக் கோள். புகையில் கலந்த வாயுக்களைப் பிரித்துச் சொல்ல ஜெம்ஸ் போன்ற கருவி வேண்டும்.

இந்தியாவும் புவிநிலைப் பாதையிலிருந்து தரையையும் கடலையும் நுணுக்கமாகப் பார்க்கும் கோளொன்றை உருவாக்கியது. இ.ஓ.எஸ்.-03 எனப்படும் அக்கோளை 2021 ஆகஸ்ட் 12 அன்று ஜி.எஸ்.எல்.வி.-எஃப்10 ராக்கெட் சுமந்து சென்றது. கடுங்குளிர் எரிபொருள் கட்டத்தில் ஏற்பட்ட கோளாறால் அம்முயற்சி தோல்வியுற்றது. இன்சாட்-3டி வரிசைக் கோள்கள் கடல்மேற்பரப்பின் வெப்பத்தை அளக்கின்றன, தூசுப்படலத்தையும் ஓரளவு காட்டுகின்றன. மாசு வாயுக்களைத் தனித்தனியே அளக்கும் கருவி அவற்றில் இல்லை.

நிறைவாக

மேகத்தைப் பார்த்த முதல் கருவிக்கும் காற்றின் வாயுவைப் பார்த்த முதல் கருவிக்கும் இடையே 54 ஆண்டுகள் ஆயின. வழிகாட்டியது பெரிய வல்லரசு அல்ல. தன் மீன் கூண்டுகளையும் தன் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றையும் பற்றிக் கவலைப்பட்ட ஒரு நடுத்தர நாடு. தனக்கென ஏவிய கோளின் தரவை அது பிறருக்கும் திறந்து வைத்திருக்கிறது. காற்றுக்கும் கடல்நீருக்கும் எல்லைக்கோடு கிடையாது, மாசைப் பற்றிய வழக்குகளில் ஒவ்வொரு தரப்பும் மற்றவரைக் கைகாட்டுவதும் புதிதல்ல. மணிக்கு மணி எடுத்த அளவு கையில் இருந்தால் அந்த வழக்கு வாய்ச்சண்டையாக முடியாமல் சான்றுகளின்மேல் நடக்கும்.

கல்லூரி மாணவர்கள் ஜெம்ஸின் படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தங்கள் ஊரின் மேலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு அளவை, அருகிலுள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய நிலையத்தின் அளவோடு ஒரு வாரம் ஒப்பிட்டுக் குறித்து வந்தால், இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்பது புலப்படும். அந்த விலகலுக்குக் காரணம் தேடுவதே இத்துறையில் நுழைவதற்கு நல்ல வழி.